சைபர் பாதுகாப்பு முதுமாணி: படிப்பு நல்லது, ஆய்வுகூடம்தான் உயிரை வாங்கியது

நான் படித்த சைபர் பாதுகாப்பு முதுமாணிக்குக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து, "நீங்க படிச்ச கோர்ஸ்தானே, சேரலாமா?" என்று கல்முனையிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. முழுக் கட்டணமும் கட்டிப் படித்தவனிடம், கழிவு விலையில் சேரப்போகிறவர்கள் கருத்துக் கேட்டால் பதில் கொஞ்சம் காரமாகத்தான் வரும். அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

பாடத் தலைப்புகள், தவணைகள், நுழைவுத் தகைமை எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கின்றன. கேட்கிறவர்களுக்கு நிறுவனத்தின் பெயரும் தெரியும், அதனால் எழுதவில்லை. கொழும்பில் இருக்கிறது, வார இறுதி வகுப்பு, மட்டக்களப்பில் வீட்டிலிருந்தே ஒன்லைனில் படிக்கலாம், இவ்வளவு போதும். நான் ஓர் அலுவலகத்தில் வலையமைப்புப் பார்க்கிறவன். பட்டம் கைக்கு வந்தும் கொஞ்சக் காலமாகிவிட்டது.

ஆய்வுகூடத்தைச் சொல்லாமல் வேறெதையும் சொல்ல முடியாது. தாக்கிப் பழகுவதற்கென்றே ஓட்டைகளோடு விட்டுவைத்த சேர்வர்கள் கொழும்பில் இருக்கின்றன. விபிஎன் என்ற தனி இணைப்பின் வழியாகப் போனால், தாக்கிப் பார்க்கும் கருவிகளோடு வரும் 'காலி லினக்ஸ்' (Kali Linux) என்ற இயங்குதளத்தின் திரை உலாவியில் திறக்கும். அங்கிருந்து என்மெப் என்ற தேடும் கருவியால் துழாவி, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்து, உள்ளே நுழைந்து, நுழைந்த வழியை அறிக்கையாக எழுதவேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம்தான். நேரம் முடிந்ததும் இயந்திரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஏற்றி வைத்த கருவி, எழுதிய ஸ்கிரிப்ட், எடுத்த ஸ்கிரீன்ஷொட் எல்லாம் போய்விடும். சோறு போட்ட கையோடு தட்டைப் பிடுங்குவது போல.

இதையாவது பொறுக்கலாம். இணைப்பு இடையில் அறுந்தாலும் இதே கதைதான் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சில நிமிடம் அசைவில்லாவிட்டால், ஆள் எழும்பிப் போய்விட்டார் என்று முடிவு கட்டி, இயந்திரத்தைத் துடைத்துவிட்டு, மீதி நேரத்தையும் செலவில் எழுதிவிடும். கைத்தொலைபேசி டேட்டாவுக்கு மாறிச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் ஐபி முகவரி மாறுகிறது. முகவரி மாறினால் இது வேறு ஆள் என்று விபிஎன் முதலிலிருந்து தொடங்கும்.

நமக்கு மழை எப்போது என்று தெரியும்தானே. ஒக்டோபர் பிற்பகுதியில் பிடித்தால் ஜனவரி வரை. செய்முறைப் பாடங்களின் ஒப்படைகள் குவிவதும் சரியாக அப்போதுதான். கல்லடிப் பக்கம் வானம் கறுத்து முதல் இடி கேட்டதும் அம்மா செய்யும் முதல் வேலை, ரவுட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்குவது. டிவி அப்புறம், ஃபிரிஜ் அதற்கும் அப்புறம். "அம்மா, சோதினை நடக்குது!" என்று கத்தினால், "சோதினை திரும்ப எழுதலாம் மனே, ரவுட்டர் எரிஞ்சா ஆரு வாங்கித் தாற?" என்பார். ஏற்கெனவே ஒரு ரவுட்டர் எரிந்த வீட்டில் இதற்கு மறுபேச்சுக் கிடையாது.

முறைப்பாடு எழுதாமல் இல்லை. மிகவும் பணிவான பதில் வந்தது: நிலையான இணைய இணைப்பும் தடையில்லாத மின்சாரமும் மாணவரின் பொறுப்பு என்று மாணவர் கையேட்டில் இருக்கிறதாம். கொழும்பு வகுப்புத் தோழர்களுக்கோ நான் எதற்குப் புலம்புகிறேன் என்றே விளங்கவில்லை. அவர்கள் அலுவலகத்தில், ஜெனரேட்டர் இருக்கிற கட்டடத்தில் உட்கார்ந்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, வவுனியா ஆட்கள் மட்டும் தனியாக ஒரு வட்ஸ்அப் குழு வைத்து, எவருடைய நேரத்தில் கரண்ட் போகிறதோ அவருக்கு மற்றொருவர் தன் நேரத்தை விட்டுக்கொடுப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். இடைஞ்சல் வந்தாலும் வேலை நிற்காமல் பார்ப்பது எப்படி என்று, வணிகத் தொடர்ச்சித் திட்டமிடல் என்ற பெயரில் ஒரு பாடமே இருந்தது. அதில் படித்ததைவிட இந்தக் குழுவில் படித்தது அதிகம்.

நியாயமாகப் பார்த்தால், துடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதே இயந்திரத்தை அடுத்த மாணவனும் உடைத்துப் பழகவேண்டும். முன்னவன் திறந்த கதவு திறந்தே கிடந்தால் பின்னவனுக்கு என்ன பயிற்சி? ஆனால் வெளியில் போய்ப் பழகவும் வழியில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதே குற்றம். எதையும் எடுக்கவோ கெடுக்கவோ தேவையில்லை. பக்கத்து வீட்டு வைஃபையில் 'சும்மா பார்த்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. ஆக, சட்டப்படி பழகுவதற்குக் காசு கட்டி வாங்கிய இடம் அது ஒன்றுதான். அதையும் வானத்தைப் பார்த்துப் பார்த்துத் திறக்கவேண்டியிருந்தால் கோபம் வராதா?

கோபத்தோடு சொன்னாலும், அந்த இரண்டு மணி நேரம் ஒழுங்காகக் கிடைத்த நாட்களை மறக்க முடியாது. விஎஸ்எப்டிபி என்று கோப்புகளை அனுப்பி வாங்கும் சேர்வர் மென்பொருள் ஒன்று. 2011இல் அதன் 2.3.4 பதிப்பில் யாரோ ஒரு பின்கதவை ஒளித்து வைத்துவிட்டார்கள். பயனர் பெயர் கேட்கும் இடத்தில் என்ன பெயரையும் அடித்து, கடைசியில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு சிரிப்புக்குறி போடுங்கள். கடவுச்சொல் எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பக்கம் 6200ஆம் போர்ட், அதாவது வலையமைப்பிலிருந்து உள்ளே போகும் எண்ணிட்ட கதவு, சத்தமில்லாமல் திறந்துகொள்ளும், நீங்கள் அந்த இயந்திரத்தின் முழு அதிகாரி. முதல் தடவை அது திறந்தபோது கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். வாசித்துத் தெரிந்துகொள்வது வேறு, சிரிப்புக்குறி ஒன்றால் ஒரு சேர்வர் விழுவதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

எதிர்பாராமல் பிடித்துப்போன பாடம் டிஜிட்டல் தடயவியல். சேரும்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆய்வுகூடத்தின் தயவு இல்லாமல், வட்டின் பிரதி ஒன்றைத் தரவிறக்கி, ஒட்டொப்சி என்ற தடயம் தேடும் மென்பொருளில் போட்டு வீட்டிலேயே செய்யக்கூடிய பாடம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கரண்ட் போனாலும் மடிக்கணினியின் மின்கலம் தாங்கும்வரை தாங்கும்.

அதில் நேரமுத்திரைகள் என்று ஒரு பகுதி. விண்டோஸின் என்டிஎப்எஸ் கோப்பு முறைமை நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதிவைக்கிறது. பழைய கமரா அட்டைகளில் இருக்கும் ஃபெட் முறைமை அப்படியல்ல, கமராவின் கடிகாரம் என்ன காட்டியதோ அதை அப்படியே எழுதும். எந்த நேர வலயம் என்ற தகவல் அதில் இல்லை. அதை ஆய்வாளர்தான் முடிவு செய்யவேண்டும். இலங்கை என்றால் உலகப் பொது நேரத்துக்கு 5.30 மணி நேரம் முன் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். விரிவுரையில் இதைக் கேட்டதும் எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்துவிட்டது.

1996 மே மாதம், மின்சார நெருக்கடிக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணி நேரம் திருப்பினார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய 5.30க்கு வந்தோம். இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. மண்முனைத் துறையில் அப்போது பாலமில்லை. படகேறி, வாவிக்கு மேற்கே புலிகளின் பக்கமிருந்த படுவான்கரைக்குப் போனால் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால் நிற்கும். கலியாண வீட்டுக்குச் சொல்ல வந்தாலும் சரி, கூட்டத்துக்குச் சொல்ல வந்தாலும் சரி, முதல் கேள்வி "பழைய நேரமா, புதிய நேரமா?" என்பதுதான்.

அப்படியானால் 2005இல் எடுத்த ஒரு படத்தில் மாலை 6 மணி என்று இருந்தால், வாவிக்குக் கிழக்கே, எங்கள் பக்கமான எழுவான்கரைக் கமராவுக்கு அது உலக நேரம் நண்பகல் 12. அக்கரைக் கமராவுக்கு 12.30. ஒரு வழக்கில் அரை மணி நேரம் சின்ன விடயமில்லை, அதற்குள் கல்லடியில் நின்றவர் மோட்டார் சைக்கிளில் குருக்கள்மடத்தில் நிற்கலாம். கணினிகள் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் ஏசியா, கொழும்பு என்ற பதிவில் 1996, 2006 மாற்றங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. படுவான்கரைக்கென்று தனிப் பதிவு கிடையாது. இதை வகுப்பில் சொன்னபோது விரிவுரையாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மற்ற அணிகளுக்கும் இதை நான் சொல்லலாமா?" என்று கேட்டார். நல்ல மனிதர். படிப்பித்தவர்கள் எவரிலும் எனக்குக் குறை கிடையாது.

அலுவலகத்துக்குப் பயன்பட்டதென்றால் காப்புப்பிரதி. 2023இல் இலங்கை அரச மேகக் கணினி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கப்ப மென்பொருளில் மாட்டியதும், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வராததும் எல்லாருக்கும் தெரியும். ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 2013 பதிப்பு. அதற்கான ஆதரவு அந்த வருட ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. வகுப்பில் இதைப் பிரித்து மேய்ந்தோம். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்பது பாடப்புத்தக விதி. எங்கள் அலுவலகத்தின் வெளியிடப் பிரதி கல்முனைக் கிளையில் இருந்தது. மட்டக்களப்பும் கடற்கரை, கல்முனையும் கடற்கரை. 2004 டிசம்பர் 26இல் இரண்டையும் ஒரே காலையில் கடல் அடித்தது. அதை அம்பாறை நகரத்துக்கு மாற்றச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் எழுதினேன், மாற்றினார்கள். படித்த படிப்பால் அலுவலகத்தில் உருப்படியாக நடந்த காரியம் அது.

மற்றவை சுருக்கமாக. முப்பது திறமைப் புள்ளியில் முடியும் முதுமாணி இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் (SLQF) 9ஆம் மட்டம். ஆய்வோடு அறுபது என்றால் 10ஆம் மட்டம். பிறகு கலாநிதிப் படிப்பு யோசனை இருந்தால் சேர முன்பே எது என்று பாருங்கள். வேலை? ஊரில் இந்தப் பெயரில் பதவி விளம்பரம் வருவது குறைவு. கொழும்புக்குப் போகவேண்டும், அல்லது வீட்டிலிருந்து இரவு முழுக்க எச்சரிக்கைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. மற்றபடி, பேஸ்புக் கணக்கை மீட்டுத் தரச்சொல்லிச் சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை.

ஆய்வுகூடத்துக்கு நான் கண்ட வழி, வீட்டிலேயே ஒன்று அமைத்தது. மடிக்கணினியின் ரெம் (RAM) நினைவகத்தை 8லிருந்து 16 ஜிபி ஆக்கி, கணினிக்குள் கணினி ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளில் ஒரு காலி லினக்ஸ், தாக்கிப் பழகவென்றே செய்த மெட்டாஸ்ப்ளொய்டபிள் 2 என்ற இயந்திரம் ஒன்று. இரண்டாவது இலவசம், ஓட்டை நிறைந்தது, அரை ஜிபி நினைவகத்தில் ஓடும். மேலே சொன்ன சிரிப்புக்குறிக் கதவும் அதில் இருக்கிறது. வலையமைப்பை ஹோஸ்ட் ஒன்லி, அதாவது மடிக்கணினிக்குள் மட்டும், என்று வையுங்கள், அந்த இயந்திரத்தை ஒருபோதும் இணையத்துக்குக் காட்டாதீர்கள். இடைநிலையை ஸ்னப்ஷொட்டாகச் சேமிக்கலாம், எவரும் துடைக்கமாட்டார்கள். இடி இடித்தால் அம்மா ரவுட்டரைக் கழற்றட்டும், பயிற்சி நிற்காது. புள்ளி மட்டும் அவர்களுடைய ஆய்வுகூடத்தில் செய்ததற்குத்தான்.

சரி, சேரலாமா? தடயவியலுக்காகவும் அந்த விரிவுரையாளர்களுக்காகவும் என்றால் ஓம் சொல்லவேண்டும். ஆனால் நான் சொல்வது வேண்டாம் என்றுதான். இந்த வருடம் சேர வேண்டாம். கட்டணத்தைக் குறைத்த காசுக்கு நாலு சேர்வர் கூட்டியிருக்கலாம் என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. இல்லை, சேர்ந்துதான் தீருவேன் என்றால், அறிமுகக் கூட்டத்தில் சாப்பாட்டுக்கு விட முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: இடையில் இணைப்பு அறுந்தால் மீதி நேரம் கணக்கில் இருக்குமா? ஓம் என்று எழுத்தில் தந்தால் எனக்கு அனுப்புங்கள், மேலே எழுதியதில் பாதியை நானே அழித்துவிடுகிறேன்.