லாக்கை அழித்துவிட்டு ரேமைக் கழற்றும் ஏஎம்சிகாரர்: சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

திருப்பூர், அவிநாசிப் பக்கம் ஆபீஸிலேயே சர்வர் வைத்திருக்கும் பனியன் கம்பெனிகள் நிறைய. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஏஎம்சிகாரர் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர்) பெயரை இங்கே போடவில்லை, விவகாரம் வக்கீலிடம் இருக்கிறது. அவர் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது டெல் பவர்எட்ஜ் ஆர்730. ஒருநாள் முன்பக்கச் சின்னத் திரை நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. ஏ3 ஸ்லாட் ரேமில் திருத்தக்கூடிய பிழைகள் வரம்பைத் தாண்டிவிட்டன என்று செய்தி. பயப்படும் நிலை இல்லை. சர்வர் ரேம் இசிசி வகை; ஒரு பிட் மாறினால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு பிட் மாறினால் பிழை என்று கண்டுபிடிக்கும், ஆனால் திருத்த முடியாது. ஒரே இடத்தில் திருத்தம் அதிகமானால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அந்த ஏதோ என்பது ரேமாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஏஎம்சியிலிருந்து வந்த தம்பி முதலில் ஐடிராக்கைத் (சர்வரைக் கண்காணிக்க டெல் உள்ளேயே வைத்திருக்கும் வசதி) திறந்தார். "லாக் ரொம்பி கெடக்குதுங்க சார், கிளியர் பண்ணிட்டுப் பார்த்தாத்தான் புது எரர் தெரியும்" என்று சிஸ்டம் ஈவென்ட் லாக்கை, அதாவது பிழைகள் பதிவாகும் குறிப்பேட்டை, அழித்தார். எந்த ஸ்லாட், எப்போதிலிருந்து, எத்தனை தடவை என்பதெல்லாம் போயிற்று. அப்புறம் ஏ வரிசையில் நான்கு ரேமைக் கழற்றி, கையில் ஆன்டிஸ்டேட்டிக் பட்டைகூட இல்லாமல், பாலியஸ்டர் துணி சாம்பிள் குவிந்திருந்த மேசை மேல் போட்டார். "நாலும் போயிருச்சுங்க." புதிது நான்கு மாட்டினார். பழையது அவர் பைக்குள் போனது.

நான்கு ரேம் ஒரே நேரத்தில் சாவது அபூர்வம். சோதிக்கும் முறையும் எளிது. ஏ3-இல் உள்ளதை பி3-க்கும், அங்கே உள்ளதை இங்கும் மாற்றி மாட்டி ஓட விட வேண்டும். பிழை பி3-க்குக் கூடவே போனால் ரேம் கெட்டது. ஏ3-இலேயே நின்றால் ஸ்லாட், போர்டு அல்லது சிபியு பக்கம். இதற்குப் பைசா செலவில்லை, அதனால்தானோ என்னவோ செய்வதில்லை.

புது ரேம் மாட்டியும் அதே ஏ3. கடைசியில் வேறொருவர் வந்து சிபியுவைத் தூக்கிப் பார்த்தார். சாக்கெட்டில் ஒரு பின் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தியபின் பிழை வரவே இல்லை.

அவரே இன்னொன்றையும் கவனித்தார். மெமரி முழுவதும் 2133 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வாங்கியபோது இருந்தது 2400. மெதுவான ரேம் ஒன்று கலந்தாலும் எல்லாம் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். புது ரேமின் ஸ்டிக்கரில் 2400 என்றே அச்சாகியிருந்தது. ஓரத்தை நகத்தால் நிமிண்டினால் அடியில் வேறு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை மாற்றலாம், ரேமுக்குள் இருக்கும் எஸ்பிடி சிப்பை யாரும் மெனக்கெட்டு மாற்றுவதில்லை. தயாரிப்பாளர், சீரியல் நம்பர், தயாரித்த வாரம் எல்லாம் அதில் இருக்கும். ஐடிராக்கின் ஹார்டுவேர் பட்டியலிலேயே பார்க்கலாம். ஆக, எங்கள் நல்ல ரேம் அவரிடம், யாரோ கழித்துப்போட்டது எங்களிடம்.

ஹார்டு டிஸ்க் கதை இதைவிட மோசம். ரெய்டு 5-இல் (பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தரவு போகாமல் காக்கும் அமைப்பு) ஒரு டிஸ்க்குக்கு 'சீக்கிரம் கெட்டுப்போகலாம்' என்ற முன்னெச்சரிக்கை வந்தது. அந்த டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரெய்டை நடத்தும் டெல்லின் பெர்க் கன்ட்ரோலரில் 'ரீப்ளேஸ் மெம்பர்' என்று ஒரு வசதி உண்டு; பழைய டிஸ்க் ஓடும்போதே புதியதற்கு நகல் எடுத்துவிடும், பாதுகாப்பு குறையாது. அதை விட்டுவிட்டு இவர் ஓடும் டிஸ்க்கை உருவி எடுத்தார். புது டிஸ்க்கில் தரவை மறுபடி உருவாக்கும் ரீபில்ட் நடக்கும்போது மற்றொரு டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்கள். அந்த இடங்கள் 'பங்க்சர்' ஆயின, அதாவது அங்கே இருந்த தரவை மீட்க வழியில்லாமல் போனது. பங்க்சர் ஆனபின் டிஸ்க்கை எத்தனை மாற்றினாலும் சரியாகாது. ரெய்டை அழித்துப் புதிதாக அமைத்து பேக்கப்பிலிருந்து ஏற்ற வேண்டும். பேக்கப் இருந்தது, அதனால் சம்பளப் பட்டுவாடா நின்றுபோகவில்லை.

அவர் மாட்டிய 'புது' டிஸ்க்கும் சீக்கிரமே படுத்தது. தனிக் கணினியில் மாட்டி ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைக்கும் கணக்கு) பார்த்தால் ஓடிய மணி சில நூறுதான். சீகேட் டிஸ்க் என்பதால், அந்தக் கம்பெனி டிஸ்க்குக்குள் தனியாக வைக்கும் ஃபார்ம் லாக்கையும் பார்த்தோம். அதில் 27 ஆயிரத்துக்கு மேல், அதாவது மூன்று வருடம் இரவுபகலாக ஓடியது. ஸ்மார்ட் கணக்கை அழித்தவர்கள் ஃபார்மை விட்டுவிட்டார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியிலும் பழைய சீகேட் டிஸ்க்குகளைப் புதிது என்று கடைகளில் விற்றது இதே லாக்கால்தான் வெளியே வந்தது. டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளில் 7.4-இலிருந்து இதைப் படிக்கும் வசதி இருக்கிறது. பில் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதைச் சேர்ப்பதில்லை, கம்பெனி பெயரில் பில் இருந்தால் அங்கே முதலில் இதைத்தான் கிளப்புவார்கள். எங்கள் பில்லில் 'சர்வர் ஸ்பேர்ஸ்' என்று ஒரே வரி, சீரியல் நம்பர் இல்லை. ஆனால் அவர் அழித்தது ஈவென்ட் லாக்கை மட்டும்தான். ஐடிராக்கில் தனியாக இருக்கும் லைஃப்சைக்கிள் லாக் அப்படியே இருந்தது. ஏ3 பிழை எல்லாம் தேதியோடு அதில் கிடக்கிறது. அதைத்தான் பிரின்ட் எடுத்து நோட்டீஸோடு வைத்திருக்கிறோம். கேட்பது இரண்டு: கட்டிய பணம், அந்தப் பைக்குள் போன நான்கு ரேம்.