வில்லாவில் நாலரை வருடம், டிரஸ்ட் இல்லத்தில் ஐந்தாவது வருடம்

"டீச்சர், விலை கொடுத்து வாங்குகிற வில்லா நல்லதா, டிரஸ்ட் நடத்துகிற இல்லம் நல்லதா?" மாதம் ஒருவராவது போன் பண்ணி இதைக் கேட்கிறார்கள். இரண்டிலும் இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். இடங்களின் பெயர் சொல்லப் போவதில்லை.

மகன் மஸ்கட்டில், மகள் பெங்களூரில். தக்கலையில் இருந்த பெரிய வீட்டைப் பெருக்கித் துடைக்கவே எங்கள் இருவருக்கும் தெம்பில்லை. அதை விற்று, 2016-இல் நாகர்கோவில் புறநகரில் 'சீனியர் சிட்டிசன் வில்லா' ஒன்றை வாங்கினோம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டமே இருண்டு கிடந்தது. ரப்பர் மரமும் வாழையும் மின்கம்பமும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் வளாகத்தில் ஜெனரேட்டர் ஓடியது, தண்ணீர் வந்தது, சுடுசோறு கிடைத்தது. பாதை அகலம், விளக்கு, செக்யூரிட்டி எல்லாம் சொன்னபடியே இருந்தன. நடமாட்டம் உள்ளவரை அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. சமையலைத் தவிர. ஒப்பந்தக்காரர் வெளியூர்; தேங்காய் எண்ணெய் வாசமே இல்லாத குழம்பு. என் வீட்டுக்காரர் கடைசிவரை அதற்குப் பழகவில்லை.

2019 மார்ச்சில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து கூட்டி வந்த அன்று மேனேஜர் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டினார்: தானே நடமாடக் கூடியவர்களுக்கு மட்டுமே சேவை. விளம்பரத் தாளில் போட்டிருந்த '24 மணி நேர நர்ஸ்' என்பது பிரஷர் பார்க்கிற ஒரு பெண் மட்டும்தான். பகலுக்கும் ராத்திரிக்கும் ஹோம் நர்ஸை நாங்களே வைத்துக்கொண்டோம். அதே வருடம், பராமரிப்பு பார்த்த கம்பெனி மூன்று வருட ஒப்பந்தம் முடிந்தது என்று கிளம்பிவிட்டது. வில்லா எங்கள் பெயரில்தான் இருந்தது. பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை. நவம்பரில் என் வீட்டுக்காரர் காலமானார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. இதை ஆற அமர யோசித்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. கட்டினவருக்கு லாபம் வீடு விற்ற அன்றே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் அவருக்குச் செலவுக் கணக்கு. அதனால் இப்போது கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, லாபமா சேவையா என்ற பெயரைப் பார்க்காதீர்கள், நடத்துகிறவருக்குப் பணம் எப்போது, எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். லாப நோக்கிலேயே மாத வாடகைக்கு நடத்துகிறவர் இருந்தால், நாம் கிளம்பினால் அவருக்கு நஷ்டம். அவர் நம்மை விழுந்து விழுந்து பார்ப்பார். விற்றுவிட்டவருக்கு அந்தக் கவலை கிடையாது.

வில்லாவை விற்பதும் லேசில்லை. 55 வயதுக்கு மேற்பட்டவர்தான் குடியிருக்கலாம் என்று பத்திரத்திலேயே இருந்தது. வாங்க ஆள் வர பதினான்கு மாதம் ஆனது. பிள்ளைகளுக்குச் சொத்தாகச் சேரும், ஆனால் அவர்கள் வந்து தங்க முடியாது. வாங்கும்போது இதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

டிரஸ்ட் என்றதும் கண்ணை மூடிக்கொண்டும் போகக் கூடாது. முதலில் பார்த்த இல்லத்தில் மூன்று வருட ஆடிட் அறிக்கை கேட்டேன். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா டீச்சர்?" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். இப்போது இருக்கும் இடத்தில், மார்த்தாண்டம் பக்கம், கேட்ட மறுநாளே கொடுத்தார்கள். நன்கொடை எவ்வளவு, நாங்கள் கட்டும் பணம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டேன்.

பண விஷயம் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. வருமான வரிச் சட்டப்படி அறக்கட்டளையாகப் பதிவான முதியோர் இல்லத்தில், 60 வயது தாண்டியவர் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை கட்டினால் ஜிஎஸ்டி கிடையாது. வில்லாவில் பராமரிப்புக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

சேர்வதற்கு முன் சாப்பாட்டு அறையைக் காட்ட வந்தார்கள். கிடப்பில் ஆனவர்கள் இருக்கும் அறையைக் காட்டுங்கள் என்றேன். சொல்லாமல் கொள்ளாமல், மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். மூத்திர வாடை இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதியிருந்தார்கள். அந்த நோட்டுதான் என்னை முடிவெடுக்க வைத்தது. நான் சேர்ந்தபோது என் பக்கத்து அறையில் நடமாடிக்கொண்டிருந்த அக்கா இரண்டு வருடமாக அங்கேதான் படுத்திருக்கிறார். கூடுதலாகக் கொஞ்சம் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை.

குறைகளும் உண்டு. ஹீட்டர் கெட்டுப்போனால் கமிட்டி கூடி ஒப்புதல் தர வேண்டும். ஒரு தடவை ஆடி மழையில் தொடங்கி இரண்டரை மாதம் பச்சைத் தண்ணீரில் குளித்தோம். ஒன்பது மணிக்கு ஹாலில் விளக்கை அணைத்துவிடுவார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாமல் போனது வேறு. பிறந்தநாளுக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு வருகிறவர்கள் எங்களை வரிசையாக உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். நாங்கள் மாதாமாதம் பணம் கட்டி இருக்கிறோம். கட்ட முடியாதவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே அது அவமானம். போட்டோ வேண்டாம் என்று எங்களுக்குள் கையெழுத்து வாங்கிச் செயலாளரிடம் கொடுத்தோம். இப்போது யாரும் போட்டோ எடுப்பதில்லை. விருப்பம் உள்ளவர்கள் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சம்பா அரிசிச் சோறு, தீயல், வாரம் இரண்டு நாள் சாளைக் குழம்பு.

சேர்ந்த அன்று செயலாளர் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்: "டீச்சர், அடக்கம் எங்கே? முதலில் யாருக்குச் சொல்லணும்?" மகன் முகம் வாடிப்போனது. வில்லாவில் நாலரை வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.