கட்டி வைக்கிறதா, காசு குடுக்கிறதா, நல்ல வார்டுப் பொறுப்பாளரா (இன்சார்ஜா): வன்னி ஆஸ்பத்திரியில ஆக்கள் நிக்க எது சரிவரும்?

மாசி மாசம், காலபோக அறுவடை நேரம், ராத்திரி ஒன்பது தாண்டியிருக்கும், ட்ரக்டர் பெட்டியில ஒரு அய்யாவைக் கொண்டந்து இறக்கினம், வரம்பில புடையன் பாம்பு கடிச்சிட்டுதாம், கால் வீங்கிப்போய்க் கிடக்கு. வார்டில நேர்ஸ் எண்டு நானும் வந்து ரெண்டு கிழமையான ஒரு தங்கச்சியும்தான். புடையன்ர விசம் ரத்தத்தை உறையவிடாது, அதால ரத்தம் எடுத்து சுத்தமான, காஞ்ச கண்ணாடிக் குழாயில விட்டு 20 நிமிசம் அசைக்காமல் வச்சு உறையுதோ எண்டு பாக்கவேணும், அந்தப் பிள்ளை அவசரத்தில பிளாஸ்டிக் டியூப்பை எடுத்திட்டுது, அதில பாத்தால் முடிவை நம்பேலாது, நான் டொக்டருக்குக் கோல் எடுத்துப்போட்டுத் திரும்பி வந்துதான் கண்டனான். முதலிலயிருந்து திரும்ப வச்சம். அய்யா தப்பிட்டார், ஆனா அந்தப் பிந்தின நேரம் இப்பவும் நெஞ்சுக்குள்ள கிடக்கு. பிள்ளையில பிழை சொல்லேலாது, இதெல்லாம் பக்கத்தில நிண்டு காட்டிக்குடுக்கிற சீனியர் அக்கா மூண்டு மாசத்துக்கு முதல்தான் ட்ரான்ஸ்பர் எடுத்துப் போனவ.

ஆக்களை விட்டுப் போகாமல் நிப்பாட்டுறதுக்கு இஞ்ச எப்பவும் கதைபடுறது மூண்டு வழி. நான் மூண்டுக்குள்ளயும் வேலை செய்தனான், அதால பக்கத்தில பக்கத்தில வச்சுச் சொல்லுறன்.

முதலாவது, சட்டத்தால கட்டுறது. கஷ்டப் பிரதேசத்தில இத்தனை வருசம் நிண்டாத்தான் மாற்றம் எண்டுறது. இதைக் கூடாது எண்டு சொல்ல எனக்கு மனம் வராது, 2009இல சண்டை முடிஞ்ச பிறகு சனம் மீளக் குடியேறி தகரக் கொட்டிலில இருந்தபோது நியமனக் கடிதத்தைக் கையில தந்து அனுப்பியிருக்காட்டி இஞ்ச ஆர் வந்திருப்பினம். ஆனா கட்டி வச்ச ஆள் கலண்டரைத்தான் எண்ணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏ9 ரோட்டில யாழ்ப்பாண பஸ் எத்தினை மணிக்கு எண்டதுதான் நினைப்பு, புதுசா வந்த பிள்ளைக்கு ஒண்டைச் சொல்லிக் குடுப்பம் எண்ட எண்ணம் அங்க எப்பிடி வரும்?

ரெண்டாவது காசு, வசதி. முல்லைத்தீவு மாவட்டம் 2,617 சதுர கிலோமீட்டர், 2012 கணக்கெடுப்பில சனம் 92 ஆயிரம் அளவில, அவ்வளவு ஐதாக் கிடக்கிற இடத்தில நைட் டியூட்டி முடிச்சுப் போறதுக்கு பஸ் இல்லாட்டி குவாட்டர்ஸ்தான் கதி. குவாட்டர்ஸ் கதவுக்குப் பூட்டு இல்ல, கிணத்துத் தண்ணி வாயில வைக்கேலாது எண்டால் எந்தப் பொம்பிளைப் பிள்ளை நிக்கும். ஆனா தனிக் காசை நம்பேலாது, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டுச் சம்பளத்தோட எங்கட எந்த அலவன்ஸ் போட்டி போடும்? உலக சுகாதார நிறுவனம் கிராமப்புற ஊழியரை நிப்பாட்டுறது பற்றி 2010இல வெளியிட்டு 2021இல புதுப்பிச்ச வழிகாட்டலும் காசோட நிப்பாட்டேல்ல, கிராமத்துப் பிள்ளையளை எடுத்துப் படிப்பியுங்கோ, இருக்க இடம் குடுங்கோ, வேலையில துணையா நில்லுங்கோ எண்டு சேத்துத்தான் சொல்லுது. ஊர்ப்பிள்ளையளை எடுக்கிறது எனக்கும் நல்ல விருப்பம், ஆனா நேர்சிங்குக்கு உயர்தரத்தில விஞ்ஞானம் படிச்சிருக்க வேணும், அந்தப் பிரிவு இருக்கிற பள்ளிக்கூடம் வன்னிக்குள்ள எத்தினை?

மூண்டாவதுதான் தலைமை, இதில நான் கொஞ்சம் கூடக் கதைப்பன். ஒரே ஆஸ்பத்திரியில, ஒரே சம்பளத்தில, அதே உப்புத் தண்ணிக் கிணத்தோட, ரெண்டு இன்சார்ஜுக்குக் கீழ வேலை செய்தனான். முதல் ஆள் டியூட்டி ரோஸ்டரை முதல் நாள் பின்னேரம்தான் ஒட்டுவார், தனக்கு வேண்டின ஆக்களுக்கு ஞாயிறு லீவு, மற்ற ஆக்களுக்குத் தொடர்ந்து நைட், பிழை நடந்தால் உடன விளக்கம் கேட்டுக் கடிதம். அதால என்ன நடந்தது, ஒருத்தரும் பிழையை வெளியில சொல்லுறேல்ல, ஊசி மாறினாலும் மூடி மறைக்கிறது. எட்டுப் பேரில நாலு பேர் ஒரு வருசத்துக்குள்ள போட்டினம், அந்தச் சீனியர் அக்காவும் அதில ஒராள். ரெண்டாவது ஆள் ரோஸ்டரை ரெண்டு கிழமைக்கு முதல் போட்டிடுவா, பிள்ளைக்கு ஸ்கொலர்ஷிப் சோதினை எண்டால் அவவாக் கேட்டு மாத்தித் தருவா, காலமை பத்து நிமிசம் எல்லாரையும் நிப்பாட்டி ராத்திரி என்ன பிழைச்சது எண்டு கேப்பா, கேட்டுப்போட்டு ஏசமாட்டா. அவ இருந்த ரெண்டு வருசமும் ஒருத்தர்தான் போனவ, அதுவும் கலியாணம் முடிச்சு.

அமெரிக்காவில 1983இல இதைத்தான் தேடிப் பாத்தவை, நேர்ஸ் தட்டுப்பாடான காலத்திலயும் ஆக்கள் விட்டுப் போகாத 41 ஆஸ்பத்திரியளை எடுத்து ஏன் எண்டு ஆராய, சொல்லுறதைக் காது குடுத்துக் கேக்கிற தலைமைதான் முன்னுக்கு வந்தது. பிறகு 2002இல பென்சில்வேனியாவில சத்திரசிகிச்சை நோயாளியளை வச்சுப் பாத்த ஆய்வில, ஒரு நேர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள்ள சாகிற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது, அந்த நேர்ஸ் மனம் சோர்ந்துபோற வாய்ப்பு 23 சதவீதம் கூடுது. எங்கட வார்டில ஒராள் போனால் மிச்ச ஆக்களின்ர தலையில எவ்வளவு ஏறும் எண்டு இதை வச்சு யோசிச்சுப் பாருங்கோ, அந்தப் பாரத்தில அடுத்தவவும் போறா.

அப்ப மூண்டாவதுதான் எண்டு முடிக்கலாமோ? இல்ல, அதுக்கும் ஒரு ஓட்டை இருக்கு, நல்ல இன்சார்ஜும் ட்ரான்ஸ்பரில போவா. டொக்டர்மார் மேற்படிப்புக்குப் போயிடுவினம், வருசத்துக்கொரு முகம். நிண்டு பிடிக்கிறது ஊரில வீடு வளவோட இருக்கிற மிட்வைஃப்மார், சிற்றூழியர், ஒண்டு ரெண்டு சிஸ்டர்மார். தலைமைப் பயிற்சி எண்டு கொழும்புக்குக் கூப்பிடுறது எப்பவும் பெரியாக்களைத்தான், நான் கேக்கிறது அந்தக் கதிரையில பாதியை எண்டாலும் இவைக்குத் தாங்கோ எண்டு. அதோட குவாட்டர்ஸையும் திருத்துங்கோ, ஏனெண்டால் எவ்வளவு நல்ல இன்சார்ஜாலயும் கிணத்துத் தண்ணியை நல்ல தண்ணியாக்கேலாது.

அந்தப் பாம்புக்கடிக் கதையை ரெண்டாவது இன்சார்ஜ் வந்த முதல் கிழமையே கேட்டறிஞ்சு, ஒரு நெஸ்டமோல்ட் பேணிக்குள்ள காஞ்ச கண்ணாடிக் குழாயளைப் போட்டு மணிக்கூட்டுக்குக் கீழ வச்சவ, சவர்க்காரத்தால கழுவின குழாய் வேண்டாம் எண்டு பேப்பரும் ஒட்டினவ. அவ இப்ப போயிட்டா, பேணி அதே இடத்தில இருக்கு. அண்டைக்குப் பிளாஸ்டிக் டியூப் எடுத்த தங்கச்சிதான் இப்ப புதுசா வாற பிள்ளையளுக்கு அதைக் காட்டிக்குடுக்கிறா. போன மாசம் அவவும் ட்ரான்ஸ்பருக்கு எழுதிப்போட்டா, குவாட்டர்ஸ் கதவுக்கு இன்னும் பூட்டு வரேல்ல.