சின்ன கேமிங் பிசி கட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: மூடின கேபினெட்டுக்குள் பொருள் மாறுகிறது

கோயம்புத்தூரில் காந்திபுரத்தைச் சுற்றி எத்தனையோ கம்ப்யூட்டர் கடைகள் இருக்கின்றன. நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள்தான் அதில் அதிகம். ஆனால் ஒரு கடையில் எனக்குக் கொட்டேஷனில் எழுதிக் கொடுத்த பொருள் ஒன்று, கேபினெட்டுக்குள் போட்டது வேறொன்று. கேட்டால், “அதுக்குப் பதிலா இது போட்டிருக்கறோமுங்க, எல்லாம் அதே மாதிரிதான்” என்று பதில் வருகிறது. பெரிய டவர் கேபினெட் வாங்குகிறவரிடம் இந்தப் பேச்சு எடுபடலாம். சின்னதாக, சத்தமில்லாமல், கரண்ட் குறைவாக இழுக்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவரிடம் இப்படிச் சொல்வது பச்சை மோசடி. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நாங்கள் இருப்பது சோமனூர் பக்கம். வீட்டுச் சுவரை ஒட்டியே தறி ஷெட். பகல் முழுக்கத் தறிச் சத்தம் காதை அடைக்கும். ராத்திரி தறியை நிறுத்தின பிறகுதான் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். அப்போது பக்கத்து அறையில் அப்பாவும் அம்மாவும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு ஃபேன் இரைந்தால்கூட வீடு முழுக்கக் கேட்கும். மேசையில் இடமும் குறைவு. அதனால் காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்று ஒவ்வொரு பொருளையும் வாட் கணக்குப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன்.

பிராசசர் ரைசன் 5 7600. இதற்கு அண்ணனாக 7600எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அது 105 வாட் ரகம். 7600 வெறும் 65 வாட் ரகம், உச்சத்தில் இழுத்தாலும் 88 வாட்டோடு நின்றுவிடும். கேமில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, சூட்டில் நன்றாகத் தெரியும். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, 115 வாட். ரேம் 16 ஜிபி இரண்டு. மதர்போர்டு 17 சென்டிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ். பிராசசருக்கு உயரம் குறைந்த தனி கூலர். எல்லாப் பொருளுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ், சின்ன கேபினெட்டுக்கான எஸ்எஃப்எக்ஸ் அளவில் 450 வாட், 80 பிளஸ் கோல்டு தரம்.

இந்த கோல்டு விஷயத்தைப் பலர் அலங்கார வார்த்தை என்று நினைக்கிறார்கள். பாதி லோடில் ஓடும்போது உள்ளே வரும் கரண்டில் 90 சதவீதம் அளவுக்குப் பொருள்களுக்குப் போய்ச் சேர வேண்டும், மிச்சம்தான் சூடாக வீணாகலாம் என்பது அதன் கணக்கு. சூடு குறைந்தால் ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டியதில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் பலவற்றில் லோடு குறைவாக இருக்கும்போது ஃபேன் நின்றே போகும். 4060 கார்டுகள் பலவும் அப்படித்தான், சும்மா இருக்கும்போது ஃபேன் ஓடாது. சின்ன கேபினெட்டில் அமைதி வருவது இந்த வழியில்தான். ஒரு பொருள் கூடுதலாகச் சூடானால் அந்தச் சூடு போக இடமில்லை, மற்ற எல்லா ஃபேனும் சேர்ந்து இரைய ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். மாடல் பெயரோடு வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினார். மொத்தம் ஒரு லட்சத்தை ஒட்டி வந்தது. பாதி அட்வான்ஸ், மீதி டெலிவரியில்.

எடுக்கப் போனபோது பிசி தயாராக, மூடி, பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி இருந்தது. “ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி கிடையாதுங்க தம்பி” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கண்ணாடி இல்லாத கேபினெட், உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. ஒரு கேமைத் திறந்து இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் 18 சதவீதம் மேலே சேரும் என்றார். கொட்டேஷன் விலையிலேயே ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறது என்று அவர் அனுப்பின மெசேஜையே எடுத்துக் காட்டின பிறகு, “கேமிங் பிசி - 1” என்று ஒரே வரியில் பில் வந்தது. மாடல் பெயர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. பொருள் வாரியாகத் திருத்தி மெயிலில் அனுப்புகிறேன் என்றார். இன்று வரை வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஆன் பண்ணினதும் டிவைஸ் மேனேஜரில் ஆர்டிஎக்ஸ் 3060 என்று காட்டியது. உடனே போன் பண்ணினேன்.

“4060 ஸ்டாக் இல்லீங்க தம்பி. அது 8 ஜிபி, இது 12 ஜிபி. உங்களுக்குத்தான் லாபம், இன்னும் எச்சா காசு கேட்டமா நாங்க?”

ஏதோ உபகாரம் செய்த தோரணையில் பேசினார். 12 ஜிபி என்பது பொய்யில்லை, அந்த நினைவகம் உதவுகிற வேலைகளும் இருக்கின்றன. ஆனால் 3060 இழுப்பது 170 வாட். நான் கேட்ட கார்டைவிட 55 வாட் கூட. அவ்வளவு கூடக் கரண்ட் இழுத்தும் 4060 அளவுக்கு வேகம் இல்லை, புதிய கார்டில் உள்ள ஃபிரேம் ஜெனரேஷனும், அதாவது இடையில் கூடுதல் படங்களைத் தானே உருவாக்கி கேமை வழுவழுப்பாகக் காட்டுகிற வசதியும், இதில் கிடையாது. 3060 வெளிவந்தது 2021இல். பழைய தலைமுறைக் கார்டை ஜிபி கணக்கைக் காட்டித் தலையில் கட்டுவது நிறைய இடத்தில் நடக்கிற வேலை. ஜிபி பெரிய எண்ணாக இருந்தால் வாய் திறக்க மாட்டோம் என்று நம்புகிறார்கள்.

இத்தோடு போகவில்லை. கேம் திறந்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் வீல் என்று கத்தியது. கிராபிக்ஸ் கார்டில் ஒரு ஃபேன் கரகரவென்று உரசியது. சில நாள் போனதும் விளையாடிக்கொண்டிருக்கும்போதே பிசி பொட்டென்று அணைய ஆரம்பித்தது. மறுபடி போன் பண்ணினால், “நீங்க சோமனூருங்களா? தறி ஓடற ஊருங்க அது, வோல்டேஜ் ஏறி எறங்கும். ஒரு நல்ல யுபிஎஸ் போட்டுக்கோங்க, நம்ம கடையிலயே இருக்குது” என்றார். சாக்கெட்டில் சொருகுகிற வாட் மீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். வோல்டேஜ் 230ஐ விட்டு அசையவில்லை. கேம் ஓடும்போது வாட் மட்டும் 300ஐத் தாண்டியது. நான் கேட்ட பொருள்கள் இருந்திருந்தால் 200ஐ ஒட்டி நிற்க வேண்டிய இடம் அது. 100 வாட் வித்தியாசம், தினம் மூன்று மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 18 யூனிட். 500 யூனிட் எல்லையில் நிற்கிற வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

பிசியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். என் பெரியப்பா பையனும் கூட வந்தான். அங்கே, அவர்கள் கரண்டில், அவர்கள் மேசையில் வைத்துக் கேமை ஓட்டச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் அணைந்தது. காந்திபுரத்தில் தறி எங்கேயும் ஓடவில்லை. இனி உங்கள் ஆளே ஸ்டிக்கரைக் கிழித்துத் திறக்கட்டும் என்றோம். மழுப்பினார்கள், முதலாளி வரட்டும் என்றார்கள். நாங்கள் நகரவில்லை. கடைசியில் திறந்தார்கள், நான் போனில் வீடியோ எடுத்தேன்.

எஸ்எம்பிஎஸ் கழற்றிக் கையில் கொடுத்தபோது காலி டிபன் பாக்ஸ் மாதிரி கனமே இல்லை. பெயர் கேள்விப்படாத பிராண்ட். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். 80 பிளஸ் முத்திரை எதுவும் இல்லை. லேபிளில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும். அதில் 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது அந்த 12 வோல்ட்டில் இருந்துதான். பிராசசர் உச்சத்தில் 88, கார்டு 170, கூட்டினால் 258. தாங்காமல் அணைந்ததற்குக் காரணம் அந்த லேபிளிலேயே இருந்தது. ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வரிசையில் 37 ஆம்பியரை ஒட்டி இருக்கும், ஏறக்குறைய முழு வாட்டும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கும்.

இதைவிடப் பயந்தது வயரைப் பார்த்துத்தான். அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கனெக்டரே இல்லை. ஹார்ட் டிஸ்க் மாதிரி சின்னப் பொருளுக்கான பழைய மோலெக்ஸ் வயரில் ஒரு அடாப்டரை மாட்டி இழுத்துவிட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் ஓரம் லேசாகப் பழுத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் உருகியிருக்கும். வீட்டில் எல்லாரும் தூங்குகிற நேரத்தில் ஓடுகிற மிஷின் இது, பக்கத்தில் நூலும் துணியும் கிடக்கிற ஷெட். இதை நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

ரேம் 32 ஜிபி ஒரே குச்சியாக இருந்தது. மொத்தம் சரிதான் என்பார்கள், ஆனால் இரண்டு குச்சி போட்டால்தான் இரட்டைச் சேனலில் ஓடும், கேமில் வேகம் தெரியும். தனியாகக் காசு வாங்கின கூலர் இல்லை, பிராசசர் டப்பாவிலேயே இலவசமாக வரும் கூலரை மாட்டியிருந்தார்கள். எஸ்எஸ்டி மட்டும் சொன்னபடி இருந்தது.

கார்டு புதுசே இல்லை. டப்பாவில் ஒரு சீரியல் நம்பர், கார்டில் வேறு நம்பர். கார்டில் இருந்த நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் வாரண்டி முடிந்துபோய்விட்டது என்று வருகிறது. ஸ்க்ரூ தலையெல்லாம் தேய்ந்திருக்கிறது, தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டில் படிந்திருக்கிறது. மேலே மட்டும் பளபளவென்று துடைத்திருந்தார்கள். 2022 செப்டம்பரில், கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கிற மைனிங் நின்றுபோன பிறகு, ராத்திரி பகலாக ஓடின கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. 3060 அதில் நிறைய. பழசு என்று சொல்லி, பழசு விலைக்கு விற்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. இங்கே புதுக் கார்டின் விலையை வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். மீதிப் பணம் கையில் இருக்கும்போதே கேபினெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். பொருள்களை டப்பாவோடு மேசையில் அடுக்கச் சொல்லி, உங்கள் கண் முன்னால் சீல் உடைத்து மாட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பீளமேட்டில் பிறகு நான் போன கடையில் அவரே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். காலி டப்பாக்களை எல்லாம் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் வேண்டும். ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து, நம்ம மாநிலம் என்றால் 33இல் ஆரம்பிக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்று தெரியும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் கார்டின் விவரத்தைக் காட்டிவிடும், போலிக் கார்டு பலவற்றையும் அது கண்டுபிடிக்கும். கடையிலேயே அரை மணி நேரம் கேமை ஓட்டிப் பாருங்கள், இரண்டு நிமிடம் போதாது. அப்புறம் ஸ்டாக் இல்லை, அதுக்குப் பதிலா வேற என்று யாராவது சொன்னால், அது எத்தனை வாட் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். கிரெடிட் நோட் தருகிறேன், வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நான் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிப் புகார் பதிந்தேன். அங்கிருந்து கடைக்குத் தகவல் போன பிறகு கார்டை வாங்கிக்கொண்டு அதற்கான பணத்தை மட்டும் அனுப்பினார்கள். எஸ்எம்பிஎஸ், ரேம், கூலர் மூன்றுக்கும் பதில் இல்லை. அதற்காகக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சியிலிருந்து வந்து கோவையில் வாங்கினவர்கள் இதைக் கவனியுங்கள். பில் தராமல் விற்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வியாபாரம் என்றுதான் சொல்கிறது.

வாட்ஸ்அப் கொட்டேஷன், கடையில் எடுத்த வீடியோ, எஸ்எம்பிஎஸ் லேபிள் போட்டோ, டப்பா நம்பரும் கார்டு நம்பரும் ஒன்றாகத் தெரிகிற போட்டோ எல்லாம் மனுவோடு சேர்த்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் கொட்டேஷனையும் பணம் அனுப்பின ரசீதையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் கேளுங்கள், நான் எழுதினதைக் காட்டுகிறேன், பெயரையும் தொகையையும் மாற்றினால் போதும்.