தி செலக்‌ஷனா, ரெட் குயினா?

இளவரசன், ஏழைப் பெண், பிறப்பை வைத்துப் பிரித்த நாடு என்று இந்த ரெண்டு நாவலுக்கும் அடித்தளம் ஒன்றுதான். கீரா காஸின் ‘தி செலக்‌ஷன்’ (2012) நாவலில் எட்டு அடுக்குகள். ஐந்தாவதில் பிறந்த அமெரிக்கா என்ற பாடகி, இளவரசன் மேக்ஸனுக்குப் பெண் தேடும் போட்டியில் 35 பேரில் ஒருத்தியாக அரண்மனைக்குப் போகிறாள். பசி என்றால் என்னவென்று அவள் சொல்லித்தான் அவனுக்கு உறைக்கிறது, அந்த இடம் அருமை, மற்றபடி கவுனும் பொறாமையும்தான் அதிகம். விக்டோரியா அவேயார்டின் ‘ரெட் குயின்’ (2015) வேறு ரகம். ரத்தம் சிவப்பா வெள்ளியா என்பதே அங்கே தலையெழுத்து; ஆட்சியும் அபூர்வ சக்தியும் வெள்ளி ரத்தக்காரர்களுக்கு மட்டும்தான். பிக்பாக்கெட் அடித்துப் பிழைக்கும் மேர், சிவப்பு ரத்தத்தை வைத்துக்கொண்டே மின்னலை வரவழைக்கிறாள். அதை மூடி மறைக்கத்தான் இளைய இளவரசனோடு நிச்சயமே! காதல் கொஞ்சம் சவசவதான், சரி, இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.