கியர் சரிசெய்யக் கொடுத்து 4,850 ரூபாய் ஏமாந்தேன்: ரோடு பைக் சைக்கிள் வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. தஞ்சாவூரில் இருக்கிறது என்பது மட்டும் போதும். அங்கே எனக்கு நடந்தது எந்த ஊர்க் கடையிலும் நடக்கலாம்.

தை மாதம், சம்பா அறுவடை நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்குப் போய்வருவது என் வழக்கம். அன்று திருக்காட்டுப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்தினேன். சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள் வலப்பக்கமாகச் சரிந்து ஜல்லியில் விழுந்தது. தூக்கிப் பார்த்தேன். ஹேண்டில்பார் நேராக இருந்தது, சக்கரம் ஒழுங்காகச் சுற்றியது. பின்னால் செயினைப் பல்லுக்குப் பல், அதாவது ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு, நகர்த்தும் டீரெய்லரின் மேல் மட்டும் ஒரு கீறல். அரை விரல் நீளம், நுனியில் தூண்டில் முள் மாதிரி வளைவு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திரும்பும் வழியிலேயே தொல்லை தொடங்கிவிட்டது. நடு கியர்களில் செயின் பக்கத்துப் பல்லை உரசிக் கடகடத்தது, சின்னப் பல்லுக்கு இறங்க மறுத்தது. சாலையில் காயப்போட்டிருந்த வைக்கோல்தான் சிக்கிக்கொண்டதோ என்று இரண்டு முறை இறங்கி உருவி எடுத்தேன். பயனில்லை.

மறுநாள் கடையில் விட்டேன். கியர் செட் ஷிமானோ சோரா, பின்னால் 9 பல்சக்கரம். கடைக்காரர் பெடலை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, "டீரெய்லர் போச்சு மேடம், ஸ்பிரிங் விட்டுடுச்சு. ஒயரையும் சேர்த்து மாத்திடலாம்" என்றார். கீழே விழுந்ததைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாங்கப் போனபோது, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் டீரெய்லர் 3,200, ஒயர் 850, கூலி 800 என்று எழுதிக் கொடுத்தார். பில் கேட்டேன், இதுதான் பில் என்றார். பழைய டீரெய்லரைக் கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு மேடம்." பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இடத்திலேயே நின்று கேட்டிருக்க வேண்டும்.

கடகடப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் இப்போது கியரைத் தட்டினால் ஒரு நொடி கழித்துத்தான் மாறியது, பெரிய பல்லுக்கு ஏறவே இல்லை. திரும்பப் போய்ச் சொன்னேன். "உங்களுக்குக் கியர் போடத் தெரியலை மேடம். மெதுவா அழுத்தணும்" என்றார். ஆறு வருடமாக இதே சைக்கிளை ஓட்டுகிறேன். அந்த வார்த்தை பணத்தைவிட அதிகமாக வலித்தது. பேசிக்கொண்டே டீரெய்லரில் இருந்த ஒரு ஸ்க்ரூவை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தினார், ஒயரை இழுத்துக் கட்டினார். "இப்ப ஏறும் பாருங்க." ஏறத்தான் செய்தது.

அந்த ஸ்க்ரூ என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. டீரெய்லர் ஸ்போக்ஸ் கம்பிப் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்று கட்டுப்படுத்தும் லிமிட் ஸ்க்ரூ அது. பக்கத்தில் L என்று இருக்கும். அதைத் தளர்த்துவது வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது மாதிரி.

நம் டெல்டாவில் மலை கிடையாது. ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம்தான். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால்தான் பெரிய பல்லுக்கு வேலை வரும். அடுத்த ஞாயிறு குடமுருட்டிப் பாலத்தில் ஏறும்போது முதல்முறையாக அந்தக் கடைசிக் கியரைப் போட்டேன். பின்னாலிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம். மிதிப்பதை நிறுத்தி ஓரமாக இறங்கிப் பார்த்தால் டீரெய்லரின் கூண்டு, அதாவது செயின் ஓடும் உருளைகளைத் தாங்கும் பகுதி, ஸ்போக்ஸில் தட்டிக்கொண்டிருந்தது. நடுவில் நகம்கூட நுழையாது. இன்னும் ஒரு மிதி அழுத்தி மிதித்திருந்தால் கூண்டு உள்ளே மாட்டிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும். எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. நான் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு அது போனதை இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்குகிறது.

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் தன் சைக்கிள் வேலையைத் தானே செய்துகொள்பவர். அவரிடம் கொண்டுபோனேன். சைக்கிளைத் தொடவே இல்லை, பின்னால் குந்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "அக்கா, இங்க வந்து உட்காந்து பாருங்க." பார்த்தேன். செயின் ஓடும் இரண்டு குட்டி உருளைகளும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். என்னுடையதில் கீழ் உருளை ஸ்போக்ஸ் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

வளைந்திருந்தது டீரெய்லர் அல்ல, அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு. விழுந்தால் சட்டமும் டீரெய்லரும் தப்பிக்கட்டும் என்று அதை வேண்டுமென்றே மென்மையாகத்தான் செய்கிறார்கள். அது வளைந்திருக்கும்போது ஒயரை எப்படித் திருகினாலும் ஒரு கியர் சரியானால் இன்னொன்று கெடும். நிமிர்த்தத் தனிக் கருவி இருக்கிறது. அதை ஹேங்கரில் திருகி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, ரிம்முக்கும் கருவியின் முனைக்கும் உள்ள இடைவெளி நான்கு பக்கமும் ஒன்றுபோல வரும்வரை நிமிர்த்தினார். பத்து நிமிட வேலை. ஒன்றிரண்டு தடவைதான் இப்படி நிமிர்த்தலாம், அப்புறம் உடைந்துவிடும் என்று புதிதாக ஒன்று வாங்கி வைக்கச் சொன்னார். மாடலுக்கு மாடல் ஹேங்கர் வேறு என்பதால் பழையதைக் கழற்றி ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் ஒயர். கடையில் போட்ட அவுட்டரின், அதாவது ஒயர் ஓடும் வெளி உறையின், முனையை வெட்டிக் காட்டினார். உள்ளே தட்டையான கம்பி ஸ்பிரிங் மாதிரிச் சுற்றியிருந்தது. அது பிரேக் அவுட்டர். கியர் அவுட்டருக்குள் மெல்லிய கம்பிகள் துடைப்பக் குச்சி மாதிரி நெடுக்காக ஓடும், அதனால் நீளத்தில் சுருங்காது. பிரேக் அவுட்டர் இழுத்தால் சுருங்கும். கியர் ஒரு நொடி கழித்து மாறியதற்கு அதுதான் காரணம், என் விரல் அல்ல.

கடைசியாக, மண்ணெண்ணெய்த் துணியால் டீரெய்லரைத் துடைத்தார். துணியில் கறுப்பு மை இறங்கியது. மைக்கு அடியில் அரை விரல் நீளக் கீறல், நுனியில் தூண்டில் முள் வளைவு. 3,200 ரூபாய்க்கு வாங்கிய புது டீரெய்லர் என் பழைய டீரெய்லரேதான்.

புது இன்னர் ஒயர், சரியான அவுட்டர் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. லிமிட் ஸ்க்ரூவைப் பழையபடி இறுக்கினார்.

கடைக்கு முன் நீங்களே பார்க்க ஒரு வழி அவர் சொன்னார். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் ஒயர் தொய்ந்திருக்கும். டீரெய்லரில் ஒயர் நுழையும் இடத்துத் திருகை எதிர்க்கடிகாரச் சுற்றில் அரைச்சுற்று திருப்பிப் பாருங்கள். ஏற நன்றாக ஏறி, சின்னப் பல்லுக்கு இறங்க மட்டும் தயங்கினால் பெரும்பாலும் ஒயரில் துருவோ சேறோ. சைக்கிள் விழுந்தபின் தொடங்கிய கோளாறு என்றால் இவை எதற்கும் முன்னால் ஹேங்கர்.

கீறலைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் சத்தம் போட்டார். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், 1915 உதவி எண்ணுக்கு இங்கிருந்தே பேசுகிறேன் என்றதும் 3,200 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். ஒயர் பணமும் கூலியும் வரவில்லை.

என் கவலை இப்போது அந்தக் கடையில் பிரேக் ஒயர் மாற்றியவர்களைப் பற்றித்தான். கியரில் பிரேக் அவுட்டர் போட்டால் கியர்தான் கெடும். பிரேக்கில் கியர் அவுட்டர் போட்டிருந்தால், அழுத்திப் பிடிக்கும் நேரத்தில் அது பிளந்து பிரேக்கே இல்லாமல் போகலாம். பிரேக் அவுட்டர் பொதுவாக 5 மில்லிமீட்டர், கியருடையது 4. இரண்டையும் விரலிடுக்கில் வைத்து உருட்டினால் வித்தியாசம் தெரியும். இன்று இரவே உருட்டிப் பாருங்கள்.