மருத்துவமனைக்கு வெளியே செவிலியர் பணி: வீட்டுப் பராமரிப்பா, விடுதிப் பள்ளியா, வட்டாரப் பணியா?

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதியில் வார்டுப் பணியிலிருந்து வெளியே வர நினைக்கும் செவிலியருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் தென்படுகின்றன. ஒன்று தனியார் வீட்டுப் பராமரிப்பு. மற்றொன்று விடுதியுள்ள பள்ளியில் செவிலியர் பணி. மூன்றாவது, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வட்டார அளவில் வீடு வீடாகச் சென்று செய்யும் நோய் ஆதரவுச் சிகிச்சைப் பணி, அதாவது தீராத நோயில் இருப்பவரின் வலியையும் சிரமத்தையும் குறைக்கும் பணி. முதலாவதில் சில காலம் இருந்துவிட்டு மூன்றாவதைத் தேர்ந்தவள் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

ஊதியத்தையும் நேரத்தையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுப் பராமரிப்பில் கைக்கு வரும் தொகை சில இடங்களில் கூடுதல், ஆனால் பன்னிரண்டு மணி நேரப் பணியோ அங்கேயே தங்குவதோ வழக்கம். பள்ளியில் விடுமுறைகள் உண்டு. அரசுத் திட்டத்தில் தொகுப்பூதியம்.

பள்ளிப் பணியில், சக செவிலியர் ஒருவர் விடுப்பில் இருந்தபோது மாற்றாகச் சென்ற அளவுக்கே எனக்குப் பழக்கம் என்பதால் அழுத்தமாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். காய்ச்சல், காயம் என்பவற்றுக்கு அப்பால், ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரும் முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளையின் இன்சுலினும் செவிலியரின் பொறுப்பு. வளரிளம் பெண் வேறு எவரிடமும் சொல்லாததைச் செவிலியரிடம் சொல்வாள். அதை வெளியே விடாமல் காப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். பிள்ளைகளோடு பேசப் பிடித்தவர்களுக்கு இது நல்ல பணி என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுப் பராமரிப்புக்குச் செட்டிநாட்டில் தேவை மிகுதி. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீட்டில் வயதான ஆச்சியும் செட்டியாரும் மட்டும் இருப்பது இங்கே சாதாரணம். கழிப்பறை பல வீடுகளில் பின்கட்டுக்கும் அப்பால் இருக்கும். வழியெல்லாம் உயரமான நிலைப்படிகள். தண்ணீர் சிந்தினால் ஆத்தங்குடிக் கல் தரை வழுக்கும். இரவில் எழுந்து நடக்கும் முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். கட்டிலைக் கழிப்பறைக்கு அருகிலுள்ள அறைக்கு மாற்றச் சொல்வதும், படியோரம் பிடிகம்பி வைக்கச் செய்வதும், இரவு விளக்கு எரியவிடுவதும் செவிலியர் பணிதான். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க, உடனிருக்கும் வீட்டுச் செவிலியரால் முடியும். வட்டாரச் செவிலியரான என்னால் முடியாது. இந்த ஒன்றில் வீட்டுப் பராமரிப்பே மேல்.

இருந்தும் நான் அங்கிருந்து விலகியதற்கு ஒரே காரணம், என் கையால் செய்யும் சிகிச்சைக்குப் பின்னால் ஒரு மருத்துவரின் எழுத்து இருக்கிறதா என்ற கேள்விதான். ஆச்சிக்குச் சோர்வாக இருக்கிறது, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள் என்று வெளிநாட்டிலிருக்கும் மகன் காணொளியில் கேட்பார். சர்க்கரை கூடியிருப்பதால் இன்சுலினை நான்கு யூனிட் கூட்டிப் போடுங்கள் என்பார் மகள். இருவரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். கையிலுள்ள மருந்துச் சீட்டோ மதுரையில் எப்போதோ எழுதப்பட்டதாக இருக்கும். இதயம் பலவீனமான முதியவருக்குத் தேவையின்றி ஏற்றும் திரவம் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். கூட்டிய இன்சுலின் விடியற்காலையில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அப்போது விளக்கம் சொல்ல வேண்டியவர் ஊசி போட்டவரே. பதில் சொல்லும் இடத்தில் நிற்பது, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் அவர் பெற்றிருக்கும் பதிவு.

வட்டாரப் பணியில் இந்தக் கேள்வி எழுவது அரிது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரின் சிகிச்சைக் குறிப்பு இருக்கிறது. இரத்த அழுத்தம் கூடியிருந்தால் அவரிடம் பேசி, அவர் சொல்லும் மாற்றத்தைப் பதிந்த பிறகே மருந்து மாறும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் தேவைப்பட்டால், 2014இல் திருத்தப்பட்ட போதைப்பொருள் சட்டத்தின் வழிமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனத்தின் வழியாக அது கிடைக்கிறது; வீட்டில் தனித்து நிற்கும் செவிலியர் அந்த வலிக்கு முன் ஏறக்குறைய வெறுங்கையோடு நிற்க நேரும். இயன்முறை மருத்துவர் உடன் வருகிறார். மாதந்தோறும் மாத்திரை கொண்டுசெல்லும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், யார் வீட்டில் யார் எழுந்து நடக்கவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

குறையும் உண்டு. ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரு செவிலியர் என்னும்போது ஒரே வீட்டுக்குத் தினமும் போக இயலாது. அதனால் பணியின் பெரும்பகுதி கற்றுக்கொடுப்பதாகவே அமைகிறது: மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி, கொடுத்து முடித்த பின்னும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருப்பது, சிறுநீர்ப் பையை இடுப்புக்குக் கீழேயே தொங்கவிடுவது, குதிகாலிலும் அடி முதுகிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பது. மருமகளோ சமையலுக்கு வரும் அம்மாவோ இதைச் சரியாகப் பிடித்துக்கொண்ட வீட்டில் படுக்கைப் புண் ஆறுவதைப் பார்க்கையில் எனக்கு வார்டில் கிடைக்காத நிறைவு கிடைக்கிறது. பார்த்துக்கொள்பவரின் இரத்த அழுத்தத்தையும் அப்போதே அளந்துவிடுவேன்; கேட்காவிட்டால் அவர்கள் தம் உடம்பைப் பற்றி வாய் திறப்பதில்லை.

குடும்பச் சூழலால் வீட்டுப் பராமரிப்பையே ஏற்க வேண்டியிருப்பவர்கள், சேரும் நாளுக்கு முன்பே மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்: தேதியும் கையொப்பமும் உள்ள தற்போதைய மருந்துச் சீட்டு, இரவிலும் பேசக்கூடிய மருத்துவரின் தொலைபேசி எண், சர்க்கரை எந்த அளவுக்குக் கீழே போனால், அழுத்தம் எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வது என்று அவர் எழுதிக்கொடுத்த குறிப்பு. பிள்ளைகளும் அந்த மருத்துவரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவை வைத்துக்கொண்டால், மருந்து மாற்றம் குறித்த பேச்சு செவிலியரைச் சுற்றிவராமல் அங்கேயே நடக்கும்.